நிலத்தடி நீரும் ஊரார் கணக்கும்

ஓர் ஊரில் எத்தனையோ கணக்குகள் உண்டு. கோயிலுக்குக் கணக்கு உண்டு. சீட்டுக்குக் கணக்கு உண்டு. தறிக்கு நூல் வாங்கிய கணக்கும் சேலை கொடுத்த கணக்கும் உண்டு. பால்காரர் சுவரிலே இழுத்து வைத்த கரிக்கோட்டைக்கூட எவரும் அழிக்கத் துணியார். ஆனால் அந்த ஊர் முழுவதும் எதனால் உயிர் வாழ்கிறதோ, அந்த நிலத்தடி நீருக்கு மட்டும் கணக்கேடு கிடையாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீதி என்று கேட்டுப் பாருங்கள். படியாதவரும் வானத்தைப் பார்ப்பர். படித்தவரும் வானத்தைப் பார்ப்பர்.

ஒரு வட்டாரத்தின் நீரையும் நிலத்தையும் வருங்காலத்திற்கும் வைத்துக் காக்கும் திட்டத்தை, மக்களுக்குச் செய்தி தருவதாலும் கல்வி தருவதாலும் அமைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். பொருள் பெரிது, எழுதுபவன் சிறியவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சிறு வாயிலின் வழியே அதற்குள் நுழைய விரும்புகிறேன். அவ்வாயில் என் ஊராகிய நாராயணவனத்தில் உள்ள கிணறு.

இரண்டு கிணறுகள்

புத்தூருக்கு அருகே, அருணா நதிக்கரையில் உள்ள ஊர் நாராயணவனம். சீனிவாசர் பத்மாவதியை மணந்த இடம் என்று கூறப்படும் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் யாத்திரிகர் அறிந்த ஊர். தறியால் வணிகர் அறிந்த ஊர். என் பாட்டனார் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து தறித்தொழில் ஒன்றையே சொத்தாகக் கொண்டு இவ்வூருக்குக் குடி வந்தவர். நாங்கள் வீட்டிலே தமிழ் பேசினோம். பள்ளியிலே தெலுங்கு எழுதினோம். தமிழ் எழுத்தை நான் அம்மாவிடம், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கற்றேன்.

பாட்டனார் தறியில் மிச்சம் பிடித்து வாங்கிய சிறு நிலம், அவருக்குப் பின் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்த திறந்த கிணறு வற்றியபோது, அப்பா போர் போட்டார். நீர் வந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பெரியப்பா, எங்கள் போருக்கு அறுபதடி தள்ளி, அதனினும் ஆழமாக ஒரு போர் போட்டார். அவருக்கும் நீர் வந்தது. ஆனால் எங்கள் குழாயில் காற்று வந்தது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்து, அவர் காட்டிய இடத்தில் அப்பா மறுபடியும் போர் போட்டார். புகை போலக் கல்மாவு பறந்தது, நீர் வரவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். பொங்கலுக்குக்கூட ஒரே தெருவில் இரண்டு வீடும் இரண்டு ஊர்போல இருந்தன.

அப்போது நான் பெரியப்பாவின் மேல் கோபம் கொண்டிருந்தேன். பின்னர் நிலவியல் படிக்க வந்து, பாறையைப் பற்றி இரண்டு பருவம் பாடம் கேட்ட பிறகு, கோபம் தணிந்தது. வேறொரு கவலை பிறந்தது. இருவரும் தவறு செய்யவில்லை. இருவரும் ஒரே பானையில் இரண்டு குழல் வைத்து உறிஞ்சினர். பானை ஒன்று என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டியது யார் கடமை என்பதும் எவருக்கும் தெரியாது.

பானையின் இயல்பு

நிலத்தடி நீர் என்றவுடன், பூமிக்கு அடியில் ஓர் ஆறு ஓடுகிறது என்று பலர் எண்ணுவர். எங்கள் பகுதியில் அப்படியில்லை. கப்பலில் வருவோர்க்கு முற்காலத்தில் அடையாளமாக விளங்கிய 'நகரி மூக்கு' மலையும், அதன் உறவான புத்தூர் மலைகளும் குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையால் ஆனவை. பள்ளத்தில் உள்ள ஊர்களின் அடியில் பெரும்பாலும் கருங்கல் இனப் பாறைகளே கிடக்கின்றன. கருங்கல்லுக்கு நீரை உறிஞ்சி வைக்கும் குணம் இல்லை. மேற்புறத்தில் சிதைந்து மணலும் கல்லுமாய்க் கிடக்கும் அடுக்கும், அதற்குக் கீழே பாறையில் விழுந்த வெடிப்புகளுமே நீர் தங்கும் இடங்கள்.

சிதைந்த அடுக்கிலும் இடம் மிகக் குறைவு. நூறு குடம் பாறையைப் பிழிந்தால் ஒன்றரைக் குடத்திலிருந்து மூன்று குடம் வரையே நீர் கிடைக்கும் என்பது நம் நாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிகள் கொள்ளும் கணக்கு. ஆழமாகப் போகப் போக வெடிப்புகள் அருகும். ஆகவே, 'இன்னும் ஆழம் போனால் நீர் கிடைக்கும்' என்று நம்புவது, பையில் பணம் இல்லாதபோது பையை நீளமாகத் தைப்பது போன்றதாகும்.

இச்சிறுமையில் ஒரு நன்மையும் உண்டு. பானை சிறிதாக இருப்பதால் அது விரைவில் நிறையும். நூற்றுக்கு இரண்டு பங்கு இடமே உள்ள பாறையில் 9 சென்டிமீட்டர் நீர் இறங்கினால், கிணற்றின் மட்டம் நாலரை மீட்டர் உயரும். நல்ல மழை ஆண்டில் கிணறு ததும்புவதும், அடுத்த கோடையில் அடி தெரிவதும் இதனாலேயே. இப்படிப்பட்ட நிலத்தில் கணக்கு வைப்பது பயனுள்ளது மட்டுமன்று, எளியதுமாகும். ஒவ்வோர் ஆண்டும் புதிய ஏட்டைத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே முடித்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு எப்படி என்பதை ஒரு கற்பனை ஊரை வைத்துக் காண்போம். ஊரின் பரப்பு 1,000 ஹெக்டேர் என்றும், மக்கள் 3,000 பேர் என்றும், ஆண்டு மழை எங்கள் பகுதியில் பெரும்பாலும் பெய்வதுபோல் 900 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். ஊரின் மேல் விழுந்த மழை மொத்தம் 90 லட்சம் கன மீட்டர். கேட்பதற்குப் பெருஞ்செல்வம்! ஆனால் இதில் பெரும்பகுதி ஆவியாகிறது, மண்ணின் மேற்புறத்தில் நின்று செடிகொடிகளுக்குப் போகிறது, ஓடையில் ஓடுகிறது. சிதைந்த கருங்கல் நிலத்தில் அடியில் இறங்குவது, களிமண் மிகுந்திருந்தால் நூற்றுக்கு 8 பங்கு, குறைந்திருந்தால் 11 பங்கு என்பது மதிப்பீட்டு நெறி. பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், ஊரின் ஆண்டு வருமானம் 9 லட்சம் கன மீட்டர்.

முதலில் குடிநீர். ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று அரசின் திட்டங்கள் வகுத்துள்ள அளவைக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர். மீதி 8 லட்சத்து 40 ஆயிரம். இதைக் கொண்டு மழையில்லாப் பின்பருவத்தில் எவ்வளவு பயிரிடலாம்? நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டுமென்றால், 70 ஹெக்டேர். கரும்புக்கு 2,000 என்றால், 42 ஹெக்டேர். வேர்க்கடலைக்கு 500 என்றால், 168 ஹெக்டேர். மழை 600 மில்லிமீட்டராகக் குறைந்த ஆண்டிலோ, நெல் 45 ஹெக்டேர். கடலை 108 ஹெக்டேர்.

இது பருவெட்டான கணக்கே. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்குவதையும், ஓடை வழியே நிலத்தடி நீர் கசிந்து போவதையும், ஏரியிலிருந்து ஊறுவதையும் இதில் சேர்க்கவில்லை. ஆயினும் எட்டாம் வகுப்புப் படித்தவர் எவரும் போடக்கூடிய இக்கணக்கு, ஒரு பெரிய உண்மையைக் கூறிவிடுகிறது. அந்த ஊரார் தனித்தனியே 120 ஹெக்டேரில் நெல் நட்டுவிட்டால், மாசி மாதத்தில் ஐம்பது ஹெக்டேர் காய்ந்தே தீரும். காயப்போவது யாருடையது என்பது மட்டும் தெரியாது. அது தெரியாமையால்தான் ஒவ்வொருவரும், 'அடுத்தவனுடையது காயட்டும்' என்று இன்னும் நூறடி ஆழம் போகிறார்.

உழவர் ஏந்திய அளவுகோல்

இக்கணக்கை உழவர்களே போட்ட வரலாறு ஒன்று நம் கண் முன்னே உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் 'உழவர் நடத்தும் நிலத்தடி நீர் முறை' என்னும் திட்டம் 2003ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் பொருளுதவியுடன் தொடங்கி, பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழியே நடந்து, 2009 வரை இயங்கிற்று. வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் 638 ஊர்கள் அதில் பங்கு கொண்டன. அந்நாளைய சித்தூர் மாவட்டமும் அவ்வேழனுள் ஒன்று.

அத்திட்டம் எவருக்கும் மோட்டார் கொடுக்கவில்லை. 'நீரைக் குறைத்து எடு, பணம் தருகிறோம்' என்றும் கூறவில்லை. எந்தப் பயிரையும் தடை செய்யவில்லை. அது கொடுத்தது மழைமானி, கிணற்றின் மட்டத்தை அளக்கும் கருவி, குழாயில் வரும் நீரை அளக்கும் முறை, எழுதி வைக்கும் ஏடு ஆகியவையே. உழவர் ஆணும் பெண்ணுமாக 'உழவர் நீர்ப் பள்ளி'யில் ஒரு பருவம் முழுதும் கூடிக் கற்றனர். அங்கே கரும்பலகையைவிட வயலும் கிணறுமே பாடம் கற்பித்தன. தாங்களே அளந்த மழையையும் நீர்மட்டத்தையும் எல்லோரும் காணும்படி ஊர்ப் பலகையில் எழுதி வைத்தனர். பின்பருவப் பயிர் தொடங்கும் முன் ஊரார் கூடி, கையிருப்பு எவ்வளவு, ஒவ்வொருவரும் என்ன பயிரிட எண்ணுகிறார், எல்லாவற்றையும் கூட்டினால் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டனர். தேவை மிகுந்தால் பலகையில் பற்றாக்குறை எழுதப்படும். அவ்வளவுதான். பின்னர் அவரவர் வீட்டுக்குச் சென்று, அவரவர் முடிவு செய்துகொண்டனர்.

விளைவு என்ன? உலக வங்கி 2010இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, திட்டம் நடந்த நீர்ப்பகுதிகளில் நூற்றுக்கு 42 பகுதிகள் மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பின்பருவ நீரெடுப்பைக் குறைத்தன என்றும், 51 பகுதிகள் சில ஆண்டுகளில் குறைத்தன என்றும், 7 பகுதிகளில் மட்டுமே எடுப்புக் கூடிற்று என்றும் கூறுகிறது. அதே அறிக்கை கூறும் காரணம் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. உழவர்கள் பொதுநலத் தியாகிகளாக மாறிவிடவில்லை. பற்றாக்குறையை முன்கூட்டியே கண்டதால், நட்டத்திற்கு அஞ்சி, நெல்லைக் குறைத்துக் குறைந்த நீரில் விளையும் பயிரை நாடினர். தன்னலத்தை அழிக்க வேண்டியதில்லை. அதற்குக் கண் கொடுத்தால் போதும் என்பதே இதன் பாடம்.

மகாராட்டிரத்தில், முன்பு அகமதுநகர் என்று வழங்கிய மாவட்டத்தைச் சேர்ந்த ஹிவரே பஜார் என்னும் சிற்றூர் ஒரு படி மேலே சென்றது. அங்கே ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவார் வழிகாட்ட, ஆண்டுதோறும் மழையை அளந்து, குடிநீரையும் கால்நடைக்கான நீரையும் முதலில் ஒதுக்கி, மிஞ்சியதற்கு ஏற்பவே பயிர் வைக்கும் வழக்கத்தை ஊரார் மேற்கொண்டனர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று அவ்வூர் தனக்குத் தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. அரசு விதித்த கட்டளை அன்று அது. கணக்கை அறிந்தோர் தமக்கு விதித்துக்கொண்டது.

சட்டம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆந்திரத்தில் நீர், நிலம், மரங்கள் பற்றிய சட்டம் 2002ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கிணறுகளைப் பதிவு செய்வதற்கும், புதிய கிணற்றுக்கு இசைவு பெறுவதற்கும் அதில் வழி உண்டு. ஆனால் இரவோடு இரவாக வந்து போர் போட்டுவிட்டு விடியுமுன் போய்விடும் வண்டியை எந்த அதிகாரி காவல் காப்பார்? 2004 முதல் உழவர்க்கு மின்சாரம் இலவசம். ஏழை உழவனுக்கு அது பேருதவி, ஐயமில்லை. எனினும் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடிற்று என்பதை நினைவூட்ட ஒரு சீட்டும் வருவதில்லை. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில், விலையின் எச்சரிக்கையும் இல்லாத இடத்தில், ஊர்ப் பலகை ஒன்றே நின்று பேச முடியும்.

வட்டாரம் என்பது எது?

வட்டாரத் திட்டம் என்கிறோமே, வட்டாரம் என்பது எது? எங்கள் ஊர் இதற்கு நல்ல விடை கூறும். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது எங்கள் பகுதி வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளில் இரு மாநிலங்களும் எல்லைப் பகுதிகளை மாற்றிக்கொண்டபோது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. நாங்கள் அப்பாலேயே இருந்தோம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது மறுபடியும் பெயர் மாறிற்று. கோடு நான்கு முறை நகர்ந்தது. ஆனால் மேடும் பள்ளமும் நகரவில்லை. மழைநீர் பழைய வழியிலேயே ஓடிற்று.

மேலே கூறிய உழவர் திட்டத்தின் சிறப்புகளுள் ஒன்று, அது வருவாய்த்துறை எல்லையை விட்டுவிட்டு நீர் எல்லையைப் பற்றிக்கொண்டதாகும். 638 ஊர்களையும் அது 63 நீர்ப்பகுதிகளாகக் கண்டது. ஓர் ஓடைக்கு நீர் தரும் ஊர்கள் யாவும் ஒரு குடும்பம். ஊருக்கொரு குழு, நீர்ப்பகுதிக்கு ஒரு கூட்டமைப்பு. மேலூரின் பற்றாக்குறை கீழூரின் பலகையிலும் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து.

இதன் தேவையை உணர, ஆரணியாற்றைப் பாருங்கள். பிச்சாட்டூர் அணை ஆந்திரத்தில் உள்ளது. அதன் உபரிநீர் சுருட்டப்பள்ளி வழியே தமிழகத்து ஊத்துக்கோட்டையை அடைந்து, பெரியபாளையத்தைக் கடந்து, பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மேலே மதகு திறந்தால் கீழே தரைப்பாலம் மூழ்கும். மேலே திறக்கும் செய்தி கீழே எந்த நேரத்தில், எந்த மொழியில், யாருடைய செவிக்குச் சென்று சேர்கிறது என்பதில் உயிர்களே அடங்கியுள்ளன. 2021 நவம்பர் மாதப் பெருமழையில் திருப்பதிக்கு அருகேயுள்ள ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டபோது, கீழுள்ள ஊர்மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. வறட்சிக்கு மட்டுமன்று, வெள்ளத்திற்கும் கணக்கு வேண்டும்.

இது நமக்குப் புதிய நெறியும் அன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. விதிகளை ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டிவிடாமல், எல்லோரும் கூடும் மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்களே, அது ஊர்ப் பலகையின் மூதாதை அன்றோ? பழம்பெருமை பேசுவதற்காக இதைக் கூறவில்லை. கல்லில் எழுதியும் ஏரிகள் பல தூர்ந்தன. எழுதுவது தொடக்கம், ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கூடுவதே காவல்.

அளவுகோல் கீழே விழுந்தபோது

உண்மையை மறைத்தல் விஞ்ஞான மாணவனுக்கு அழகன்று. ஆகவே உழவர் திட்டத்தின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 2012இல் ஐ.டபிள்யூ.எம்.ஐ.-டாட்டா நீர்க்கொள்கைத் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதன் நடைமுறை நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினர். பொருளுதவி நின்ற பிறகு அளவெடுக்கும் பழக்கமும் நீர்க்கணக்குக் கூட்டமும் பல ஊர்களில் தளர்ந்துபோயின என்ற கவலை அதிலே உண்டு.

இது திட்டத்தின் தோல்வியா? அவ்வாறு நான் கருதவில்லை. கல்வி என்பது ஒருமுறை போட்டு வளரும் தடுப்பூசி அன்று. நாள்தோறும் உண்ணும் சோறு. ஆறு ஆண்டு சோறு போட்டுவிட்டு, ஏழாம் ஆண்டு பசிக்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை. அளப்பவர் ஊரில் இருந்தார். ஏடு ஊரில் இருந்தது. அடுத்த தலைமுறைக்கு அதைக் கையளிக்கும் நிலையான இடம் ஒன்று மட்டும் ஊரில் இல்லை. அந்த இடம் பள்ளிக்கூடமாகவே இருக்க முடியும் என்பது என் எண்ணம். திட்டங்கள் வரும், போகும். 2020 முதல் ஐந்தாண்டுகளுக்கென நடுவணரசு வகுத்த 'அடல் பூஜல்' திட்டம் ஊர்தோறும் நீர்க்கணக்குப் போடும் இதே நெறியை ஏழு மாநிலங்களுக்குக் கொண்டுசென்றது. அவ்வேழில் ஆந்திரமும் இல்லை, தமிழகமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் இல்லாத மண்டலம் ஒன்றும் இல்லை.

நம் வகுப்பறையின் நிலை

சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்று 1977இல் திபிலிசி நகரில் கூடிய உலக மாநாடு கூறிற்று. சுற்றுச்சூழல் பற்றி அரசிடமுள்ள செய்திகள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும், முடிவு செய்வதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று 1992இல் ரியோ மாநாட்டின் பத்தாம் கொள்கை கூறிற்று. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றம், கல்விக்கூடங்களில் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கவும் ஊடகங்களில் பரப்பவும் கட்டளையிட்டது. அதன் பயனாக நாம் அனைவரும் பட்டப்படிப்பில் அப்பாடத்தைப் படித்தோம்.

எப்படிப் படித்தோம்? தேர்வுக்கு முந்தின இரவில் படித்தோம். ஓசோன் படலத்தின் உயரம் நமக்குத் தெரியும். நம் வீட்டுக் கிணற்றின் ஆழம் தெரியாது. அமேசான் காட்டின் அழிவைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். நம் ஊர் ஏரியின் வரத்துக்கால் எங்கே அடைபட்டுள்ளது என்று பார்த்ததில்லை. உலகத்தை அறிவது நன்றே. ஆனால் திண்ணையைத் தாண்டாமல் உலகத்திற்குத் தாவிய கல்வி, திரும்பி வரும்போது வீட்டை அடையாளம் காணாது.

செய்தியின் நிலையும் அவ்வாறே. நீர்மட்டம் பற்றிய அளவுகள் அரசிடம் நிறைய உள்ளன. நடுவண் நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, நாடெங்கும் தான் தேர்ந்த கிணறுகளில் மட்டம் அளக்கிறது. அவ்வளவுகள் அறிக்கையாகின்றன, அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகிறது. என் தந்தை தமிழில் சிந்திப்பவர், தெலுங்கில் கையெழுத்திடுபவர். ஆங்கிலத்தில் அச்சான நீர் அவர் வயலுக்குப் பாயாது. எல்லைப்புறத்து ஊர்களில் பலகை எழுதுவோர் இதை மறக்கலாகாது. தாய்மொழி தமிழாகவும் படித்த மொழி தெலுங்காகவும் உள்ள வீட்டுக்கு, இரண்டும் வேண்டும். இதில் போட்டியில்லை. நீருக்காகப் பேசும்போது இரண்டு மொழியும் ஒரே தாகத்தைத்தான் பேசுகின்றன.

நாம் செய்யக் கூடியவை

நண்பர்களே, இதழில் கட்டுரை எழுதி முடித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் குற்றம் எனக்கும் உண்டு. ஆகவே செய்யக்கூடிய நான்கு செயல்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு கிணற்றைத் தேர்ந்துகொள்க. வாரியம் அளக்கும் காலங்களை ஒட்டியே, சனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய நான்கு மாதங்களில் தரையிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தை அளந்து எழுதுக. விடுமுறைக்குப் போகும்போது அளக்கலாம். இல்லாதபோது தம்பி தங்கையர் அளப்பர். மோட்டார் நின்று பல மணி நேரம் ஆன பிறகு, விடியற்காலையில் அளப்பதே சரியானது.

இரண்டாவது, மழையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அடி தட்டையாகவும் சுவர் நேராகவும் உள்ள எந்தப் பாத்திரமும் போதும். வாய் அகலமாயினும் குறுகலாயினும் உள்ளே நிற்கும் நீரின் உயரம் ஒன்றே. மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்காமல் வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவுகோலால் அளந்து கொட்டிவிடுக.

மூன்றாவது, அளந்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல், ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதுவிக்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அக்கணக்கை ஒப்படைக்க. எட்டாம் வகுப்பு ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பாகும். ஆனால் எட்டாம் வகுப்பு என்று ஒன்று எப்போதும் இருக்கும். திட்டங்களுக்கு இல்லாத நிலைபேறு இதற்கு உண்டு.

நான்காவது, நம் சங்கத்து இதழில் ஆண்டுக்கு ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கலாம். நாம் எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து கூடியவர்கள். முப்பது ஊர்களின் முப்பது கிணறுகள் ஒரு பக்கத்தில் வரிசையாக நின்றால், அதுவே ஒரு சிறு வட்டார ஏடாகிவிடும்.

கம்பியும் மணியும்

நான் இதைத் தொடங்கிவிட்டேன். சென்ற கோடை விடுமுறையில் இருபுரி மின்கம்பி ஒன்றை வாங்கி, மீட்டருக்கொரு முடிச்சு அடையாளமிட்டு, நுனியில் இரு கம்பிகளையும் சற்றே விலக்கி வைத்து, மறுமுனையில் மின்கலமும் சிறு மணியும் பொருத்தினேன். போருக்குள் இறக்கினால், நுனி நீரைத் தொட்டவுடன் மணி ஒலிக்கும். மொத்தச் செலவு ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவுகூட ஆகவில்லை.

எங்கள் போரில் அதை இறக்கினேன். மணி ஒலித்தது. முடிச்சை எண்ணி எழுதினேன். பிறகு பெரியப்பா வீட்டுக்குச் சென்று, 'பாடத்திற்காக ஓர் ஆய்வு. உங்கள் மோட்டாரை இரண்டு மணி நேரம் போட வேண்டும்' என்று கேட்டேன். படிப்புக்கு என்றால் அவர் மறுக்கமாட்டார். மோட்டார் ஓடத் தொடங்கிற்று. எங்கள் போரில் மணி நின்றுவிட்டது. கம்பியை ஒரு முழம் இறக்கினேன், ஒலித்தது, மறுபடியும் நின்றது. மறுபடியும் இறக்கினேன். இந்த விந்தையைப் பார்க்க வரப்பைத் தாண்டிப் பெரியப்பா வந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த அப்பாவும் அருகே நின்றார். மணி ஒலிப்பதையும் நிற்பதையும் இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தனர். பெரியப்பா தாமே சென்று மோட்டாரை நிறுத்தினார். சிறிது நேரம் கழித்து மணி தானாகவே ஒலிக்கத் தொடங்கிற்று.

'இது ஒரே தண்ணியா டா?' என்று பெரியப்பா கேட்டார். என்னை அன்று, அப்பாவை.

அவர்கள் சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். முறைவைத்து மோட்டார் போடுவது பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்பருவத்தில் நெல்லா கடலையா என்பதும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு நின்றிருந்த பேச்சு, ஒரு மின்கலத்தின் ஒலியால் தொடங்கிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது கரியால் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. ஒன்று எங்கள் போர். மற்றொன்று பெரியப்பாவின் போர். இரண்டாவது வரிசையை எழுதுகிறவள் அவர் மகள், எட்டாம் வகுப்பு.